நாற்காலி கேட்ட மகனுக்கு

என் அன்பு மகன் செல்வத்துக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் கோழிகளும் சுகம். மழைதான் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது, விட்டபாடில்லை. உன் கடிதத்தை நேற்று பொகவந்தலாவைத் தபால் கந்தோரில் வாங்கி, ஊரார் கடிதங்களோடு பைக்குள் போட்டுக்கொண்டு மலையேறி வந்தேன். தேயிலைத் தோட்டத்துத் தபால்காரனுக்கு இது ஒரு கஷ்டம். தன் மகன் எழுதிய கடிதம் முதுகில் இருக்கும். உடைத்துப் படிக்க முடியாது. தோட்டக் கந்தோரில் பையைக் காட்டிப் பிரித்து, லயத்துக்கு லயம் வரிசை வீடுகளில் கடிதம் கொடுத்து முடித்து, வீட்டுக்கு வந்து காலைக் கழுவிய பிறகுதான் படித்தேன். உன் அம்மா அடுப்படியில் இருந்துகொண்டே, "சத்தமாப் படிங்க, எனக்கும் காது இருக்குல்ல" என்றாள். சத்தமாகப் படித்தேன். முதல் பாதிக்கு இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டாம் பாதிக்கு எனக்குக் கோபம் வந்தது. இரண்டையும் இதில் எழுதிவிடப் போகிறேன். நீ வேலைக்கு நடுவில் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாகப் படி.

முதலில் சிரிப்பு. உன் கம்பெனி புதிதாக ஆள் எடுக்கப் போகிறது, கேள்வி கேட்கும் மேசையில் துரையின் பக்கத்தில் இந்த முறை உன்னையும் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உன் அம்மா கரண்டியோடு வெளியே ஓடிப்போய், பக்கத்துக் காம்பரா வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். உலகத்தில் பாதி நாடுகளில் கந்தோர் வைத்துக் கணக்குப் போடும் இயந்திரம் விற்கிற கம்பெனி அது. அங்கே நம் லயத்தில் பிறந்தவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவதா! போன முறை வந்தபோது நீ கொண்டுவந்த ஓட்டை போட்ட அட்டைகளைப் பிள்ளைக் காம்பராவில் கொடுத்தோமே, அந்தப் பிள்ளைகள் இன்னும் அதைக் கண்ணில் வைத்து ஓட்டை வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திரிகிறார்கள். அந்த ஓட்டையைப் படித்து ஓர் இயந்திரம் கணக்குச் சொல்கிறது என்று நானும் பலருக்கு விளக்கிச் சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முழுதாக நம்பவில்லை.

உன் அம்மாவுக்கு ஒரே ஒரு குறை. அந்தக் கம்பெனியில் துரையைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது அவர்கள் வழக்கம் என்று நீ சொன்னதை அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை. "பேர் சொன்னாலும் பரவால்ல, கூட ஒரு 'ங்க' போட்டுக்கச் சொல்லுங்க" என்கிறாள். அவள் மனம் ஆறுவதற்காக, மனதுக்குள்ளாவது போட்டுக்கொள்.

இப்போது கோபம். முத்தையா கங்காணியின் பேத்தி மல்லிகா அட்டன் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனை பாஸ் பண்ணி, உங்கள் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு, அவளுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய்: "மல்லிகாவோடு தோட்டத்து ஆட்கள் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா. என் இன்டர்வியூவில் நடந்தது மறுபடி நடந்தால் அந்தப் பிள்ளையின் வேலைக்கும் நல்லதல்ல, எனக்கும் சங்கடம்." நடந்தது! என்னடா நடந்தது? நீ அதை உன் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கிறாய். சுவரோரம் நின்று பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேள்.

உன் அழைப்புக் கடிதத்தை நான்தான் பையில் சுமந்து வந்தேன். இன்ன நாள் காலையில் கொழும்புக் கந்தோருக்கு வரவும் என்று நீ வாசித்துச் சொன்னாய். யாரோடு வரவும், தனியாக வரவும் என்று அதில் எதுவும் இல்லை. அப்போது நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் பேர் பதிய வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை தனியாகவா போகும்? அப்பா, அம்மா, கங்காணி எல்லோரும் கூடப் போய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்போம். துரை பிள்ளையைப் பார்க்கவே மாட்டார்; எங்களைத்தான் பார்ப்பார். "இன்னார் மகனா? பதி" என்பார். தனியாகப் போய் நிற்கிற பிள்ளையை, 'இவனுக்கு ஆள் அம்பு யாரும் இல்லையோ' என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தோட்டத்து வேலைக்கே அப்படி என்றால் கொழும்பு வேலைக்கு எப்படி உன்னைத் தனியாக அனுப்புவது? அதிலும் அரசாங்க உத்தியோகத்துக்கு, நமக்குக் கொடுக்காத பிரஜாவுரிமையைக் கேட்டு நம் பிள்ளைகளுக்குக் கதவை மூடியிருந்த காலம். இந்த ஒரு கம்பெனிதான் அதைக் கேட்காமல் கூப்பிட்டிருந்தது. இது தவறினால் நீயும் தபால் பையைத்தான் தூக்க வேண்டும். நான் தூக்கினது போதாதா?

அதனால்தான் நான் வந்தேன், உன் அம்மா வந்தாள். முத்தையா கங்காணி கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். கைப்பிள்ளையிலிருந்து உன்னைப் பிள்ளைக் காம்பராவில் வளர்த்த பேச்சி ஆயா, "நா வராம எப்புடி? பெத்தவ கொழுந்தெடுக்கப் போயிட்டா, புள்ளயப் பாத்தது யாரு?" என்று சண்டை பிடித்துக்கொண்டு வந்தாள். ரயிலில் நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். சரி, பிள்ளை பாடம் நினைக்கிறான் என்று நினைத்தோம். எங்களைக் கூட்டிப்போக வெட்கப்பட்டிருப்பாய் என்று எனக்கு நேற்று உன் கடிதத்தைப் படிக்கும்வரை தோன்றவே இல்லை.

கந்தோர் வாசலில் காவல்காரர் நம் கூட்டத்தைப் பார்த்துச் சிங்களத்தில் "ஒக்கொம எனவத?" என்றார். எல்லோருமா வருகிறீர்கள் என்று கேட்கிறார். கங்காணி நெஞ்சை நிமிர்த்தி, "ஒவ், ஒக்கொம!" என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன செய்வார், வழி விட்டார். தரை அப்படிப் பளபளத்தது. செருப்புகளை வாசலிலேயே கழற்றி வைத்தோம். வரிசையாக நாற்காலிகள், டை கட்டிய பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் சுவரோரமாக நின்றோம். உட்காரலாம் என்று கவுன் போட்ட கந்தோர் நோனா ஒருத்தி சைகை காட்டினாள். கந்தோரில் யார் உட்காருவார்கள்? நின்றுகொண்டே சிரித்தோம்.

பிறகு குமாஸ்தா வெளியே வந்து உன் பேரைக் கூப்பிட்டார். பெரட்டில் பேர் கூப்பிட்டால் கங்காணிதான் பதில் சொல்வார் என்பது உனக்குத் தெரியும். அவருக்கு அது ரத்தத்தில் ஊறியது. "இருக்கான்யா!" என்று அவர் கொடுத்த குரலில் டை கட்டிய பையன் ஒருவன் கையிலிருந்த காகிதங்களைக் கீழே போட்டுவிட்டான். நீ நடந்தாய். உன் பின்னால் கங்காணி நடந்தார், அவர் பின்னால் ஆயா, அம்மா, கடைசியில் நான். குமாஸ்தா கையை நீட்டித் தடுப்பதற்குள் எல்லோரும் உள்ளே போய்விட்டோம்.

மேசைக்குப் பின்னால் சிவந்த முகத்தோடு ஒரு துரை. பக்கத்தில் கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். இரண்டு பேருடைய வாயும் கொஞ்சம் திறந்திருந்தது. ஐயாதான் முதலில் பேசினார். "நீங்கள் எல்லாரும் ஆர்? இவருக்கு மட்டுமெல்லோ இன்டர்வியூ?" கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சலாமுங்க. நாங்க பையனோட ஆளுங்க. பேர் பதிய வந்துருக்கோம்" என்றார். துரை உன்னைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். நீ உட்காரவில்லை. மறுபடி காட்டினார். நீ நின்றாய். ஐயாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏன் இருக்கேல்லை? இங்கிலீசு விளங்கேல்லையோ?" என்றார். போச்சு, எங்களால் பிள்ளையின் வேலை போச்சு என்றே நினைத்தேன். பொய் சொல்லவில்லை, சிவனொளிபாத மலை இருக்கும் திசையைக் கூட மனதுக்குள் கும்பிட்டுவிட்டேன்.

அப்போதுதான் நீ துரையைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ சொன்னாய். சின்னதாகத்தான் சொன்னாய். துரையின் புருவம் மேலே போனது. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மணியைத் தட்டினார். பியூன் ஓடிவந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். ஆயா உட்கார்ந்தாள், உன் அம்மா உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். கங்காணி பாடுதான் பெரும்பாடு. வாழ்நாளில் ஒரு துரைக்கு முன்னால் உட்கார்ந்து அறியாத மனிதர். நுனியில் உட்காருவார், துரை வாயைத் திறந்தால் எழுந்து நிற்பார், துரை நிறுத்தினால் உட்காருவார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியாகத்தான் நீ உட்கார்ந்தாய்.

என்ன சொன்னாய் என்று ரயிலில் திரும்பும்போது கேட்டேன். நினைவிருக்கிறதா? "பெரியவங்க நிக்கிறாங்க, நா எப்புடி உக்கார்றதுன்னு கேட்டேன்ப்பா" என்றாய். சொல்லிவிட்டு வடையைக் கடிக்க ஆரம்பித்துவிட்டாய். உனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்ஜின் புகை என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

சரி, துரையின் அறைக்கே திரும்பி வருகிறேன். துரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. வந்தவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லட்டும் என்று ஐயா மூலம் சொன்னார். கங்காணி எழுந்து, "வேலையில ஒரு குத்தம்னா அவனத் திட்டாதீங்க. எனக்கு ஆள் அனுப்புங்க, நா வந்து கேக்குறேன்" என்றார். ஆயா, "மத்த புள்ளைங்கல்லாம் கத்தித் தீக்குங்க. இவன் தொட்டிலக் கட்டுன கயித்து முடிச்சயே பாத்துக்கிட்டுக் கெடப்பாங்க, எப்புடிக் கட்டிருக்குன்னு" என்றாள். ஐயா ஒவ்வொன்றையும் இங்கிலீசில் சொல்ல, துரை தலையை ஆட்டிக் கேட்டார். உன் அம்மா முறை வந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மத்ததெல்லாம் அவங்க சொல்லிட்டாங்க. எம்புள்ளைக்கு இந்த ஊரு வெயில் ஆகாதுங்க. குளுருல வளந்தவன். அத மட்டும் பாத்துக்கங்க" என்றாள். ஐயா அதைச் சொன்னதும் துரை மேசையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். இயந்திரங்களுக்குச் சூடு ஆகாதாம். இயந்திர அறைக்குள் எந்நேரமும் நுவரெலியா மாதிரிக் குளிரை அடைத்து வைத்திருப்பார்களாம். கொழும்புப் பையன்கள் வந்த வாரமே தும்மித் தும்மி லீவு கேட்கிறார்களாம். "அம்மா, நாங்களும் குளிருக்குப் பழகின ஆளைத்தான் தேடுறம்" என்று ஐயாவும் சிரித்தார்.

பிறகு எங்களை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டு, உனக்குக் கணக்குச் சோதனை வைத்தார்கள். அது நீண்டுகொண்டே போனது. வெளியே உன் அம்மா தேங்காய் ரொட்டிப் பொதியை அவிழ்த்து, டை கட்டிய பையன்களுக்கும் சம்பலோடு கொடுத்தாள். காகிதத்தைக் கீழே போட்ட பையன்தான் அதிகம் சாப்பிட்டான். அவன்தான் இன்றைக்கு உன் கூட்டாளி பெர்னாண்டோ. அவன் இப்போதும் உன்னிடம் ரொட்டி கேட்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

வேலை கிடைத்த கடிதமும் என் பையில்தான் வந்தது. கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நான் சட்டத்தை மீறி வழியிலேயே பிரித்தேன். இங்கிலீசு. ஒன்றும் விளங்கவில்லை. தேயிலை மலைக்குள் குறுக்கே விழுந்து ஓடிவந்தேன். நீ வாசித்து முடிப்பதற்குள் உன் முகத்திலேயே நான் வாசித்துவிட்டேன். அன்று கங்காணி லயம் முழுக்கச் சீனி கொடுத்தார். உன்னைத் தோளில் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வேலை யாரால் கிடைத்தது என்ற சண்டை அன்றைக்குத் தொடங்கியது, இன்றைக்கும் தீரவில்லை. உன் அம்மா தன் வெயில் பேச்சால் என்கிறாள். கங்காணி தான் நின்ற ஜாமீனால் என்கிறார். ஆயா தொட்டில் கயிறு என்கிறாள். நீ கணக்குச் சோதனை என்கிறாய். நீ சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனால் அதை இங்கே வந்து சொல்லிவிடாதே, சோறு கிடைக்காது.

இப்போது சொல், மகனே. இதில் சங்கடம் எங்கே இருக்கிறது?

இருந்தாலும் நீ பெரிய இடத்தில் இருக்கிறாய், உன் பேச்சைத் தட்டக்கூடாது என்று நேற்றுச் சாயந்திரமே கங்காணி வீட்டுக்குப் போனேன். மழையில் வெயில் இல்லாததால் அதே கறுப்புக் கோட்டை அடுப்புக்கு மேலே கட்டிக் காயப் போட்டிருந்தார். புகை நாற்றம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நீ எழுதியதை அப்படியே சொன்னேன். கங்காணி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு, "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். காலம் மாறிருச்சுல்ல. நா வரல" என்றார். கோட்டை இறக்கி மடித்தார். மடித்துக்கொண்டே, "எந்த ரயிலுக்குப் போறா? அட்டன் ஸ்டேஷன் வரைக்குமாவது வரலாமுல்ல?" என்று கேட்டார்.

அதற்குள் மல்லிகா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். நீ பார்த்த சின்னப் பிள்ளை இல்லை; நிமிர்ந்து பேசுகிறாள். "செல்வம் அண்ணனுக்கு நீங்க எல்லாரும் போனீங்க மாமா. எனக்கு மட்டும் யாரும் வரக்கூடாதா? தாத்தா வரலைன்னா நானும் போகல" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அழைப்புக் கடிதத்தை எடுத்து என் கையில் வைத்து, "திருப்பி அனுப்பிருங்க, நீங்கதான தபால்காரரு" என்றாள். கங்காணி திட்டினார், கெஞ்சினார். அவள் அசையவில்லை. அவளுக்கும் இந்த ஒரு கதவுதான் திறந்திருக்கிறது, அது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும். தபால்காரனாக இத்தனை வருஷம் எத்தனையோ கடிதம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை என்னால் அனுப்ப முடியவில்லை. "கோட்டைத் திரும்பக் காயப் போடுங்க கங்காணி. நாம எல்லாருமாப் போறோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் இந்தக் கடிதம் உத்தரவு கேட்கும் கடிதம் இல்லை, தகவல் சொல்லும் கடிதம். கங்காணி வருகிறார், நான் வருகிறேன். உன் அம்மா இப்போதே தேங்காய் திருவ ஆரம்பித்துவிட்டாள். ஆயாவுக்கு முழங்கால் முடியவில்லை, ஆசீர்வாதம் அனுப்புகிறாள். உன் அப்பாவாக நான் வரவில்லை. மல்லிகாவின் ஆளாக வருகிறேன். நமக்காக வந்தவருக்கு நாம் போகாமல் இருந்தால் நான் எப்படி அந்த லயத்தில் தலை நிமிர்ந்து கடிதம் கொடுப்பது? உனக்குச் சங்கடம் என்றால் எங்களைக் கண்டும் காணாமல் போ, கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன், ஆனால் ரொட்டி தருவோம். இந்த முறை அறைக்குள் வரமாட்டோம். பேர் கூப்பிடும்போது கங்காணி வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. அந்த நேரத்தில் அவர் வாயில் ரொட்டியை வைத்துவிடலாம் என்று உன் அம்மா யோசனை சொல்கிறாள்.

அவளுக்கு வேலை கொடு என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் உனக்கும் கேடு, அவளுக்கும் அவமானம். அவளைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை வந்தால் அந்தப் பிள்ளையை எடு. மற்ற எல்லோரையும் கேட்பது போலவே கேள். கணக்கில் தவறினால் தவறு என்று போடு. உனக்குக் கேள்வி கேட்கச் சொல்லித்தர எனக்கு என்ன தெரியும்? ஒன்றே ஒன்றுதான் தெரியும், அதை உன்னிடமிருந்துதான் படித்தேன்.

அந்தப் பிள்ளை உள்ளே வந்து, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றால், இங்கிலீசு விளங்கவில்லை என்று எழுதிவிடாதே. எழுந்து போய்க் கதவைத் திறந்து பார். வெளியே சுவரோரம் கறுப்புக் கோட்டில் கங்காணி நின்றுகொண்டிருப்பார். அவரை உட்காரவை. அவள் தானாக உட்கார்ந்துகொள்வாள்.

வருகிற வாரம் பார்ப்போம், மகனே.

உன் அப்பா